நூற்று நாற்பத்தாறும் தொண்ணூற்று நான்கும்

அத்தியாயம் 17

சட்டைப் பையில் கிடக்கும் ஒரு கடிதத்துக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது? ஆனாலும் அன்று காலை பெரியவர் மாடிப்படி இறங்கியபோது அவருடைய இடது தோள் சற்றுத் தாழ்ந்தேதான் இருந்தது.

ஒன்பது நாளாக அந்தக் கடிதம் அவரோடு வாழ்கிறது. அவர் சட்டை மாற்றினால் அதுவும் மாறும். வீட்டுக்கு எந்தத் தபால் வந்தாலும், யார் பெயருக்கு வந்தாலும், பிரித்துப் படிப்பவர் அவர்தான். அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம் அது. சென்ற வாரம் வியாழக்கிழமை இளைய மகனின் மனைவி பெயருக்கு பஸ் டிப்போவிலிருந்து வந்த உறையையும் அப்படித்தான் பிரித்தார்.

மருமகள் அந்த டிப்போவில் டைம் கீப்பர். கட்டுப்பாட்டு அறைத் தலைவர் பதவிக்கு அவள் எழுதிய, ஐ.க்யூ. அளக்கும் திறனறித் தேர்வின் முடிவு உறைக்குள் இருந்தது. தேவையான அளவு நூற்றுப்பத்து. அவள் வாங்கியது தொண்ணூற்று நான்கு. கீழே இன்னும் இரண்டு வரிகள். அளவு குறைந்தவர்கள் செய்முறைத் தேர்வு கேட்கலாம். கேட்பவர்கள் வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

பெரியவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வுத் துறையில் இருந்தவர். அரக்கு முத்திரை வைத்த வினாத்தாள் கட்டுகள் அவருடைய கையெழுத்து இல்லாமல் ஓர் அறையை விட்டு மறு அறைக்குப் போனதில்லை. அவர் காலத்தில் ஓர் உறைகூட வழி தவறியதில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். அப்படிப்பட்டவர் இப்போது ஓர் உறையைப் பதுக்கி வைத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு அவமானம் வரக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருடைய அவமானம் என்பது உள்ளுக்குள் அவருக்குத் தெரியும். மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயதில் ஐ.க்யூ. பார்த்தபோது நூற்று நாற்பத்தாறு வந்தது. அந்தச் சான்றிதழ் முன்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும். அந்தச் சுவருக்குக் கீழே தொண்ணூற்று நான்கு என்று ஒரு காகிதம் கிடந்தால் வருகிறவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு பயமும் இருந்தது. சென்ற மாதம்தான் இளையவன் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். "அப்பா, இன்னொரு தடவை இவ விஷயத்துல நீங்க கை வச்சீங்கன்னா நாங்க தனியாப் போயிடுவோம். கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

சாப்பாட்டு மேஜையில் மூத்தவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தான். காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளிவிவரக் கணக்காளன். பொழுதுபோக்கு, மாதிரி ரயில். நகர மண்டபத்தில் அவனுடைய சங்கம் இன்று வருடாந்தரக் காட்சி நடத்துகிறது.

"எங்க சங்கத்துத் தையல்காரருக்குக் காய்ச்சல். நாலாவது ஸ்டேஷனுக்கு ஆள் இல்ல" என்றான்.

இளையவன் மருத்துவமனை மருந்தகத்துக்குக் காலை வேலைக்குப் போயிருந்தான். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் வரட்டுமா பெரியத்தான்? இன்னைக்கு எனக்கு லீவுதான்."

மூத்தவன் தயங்கினான். மரியாதைக் குறைவான தயக்கம் இல்லை அது. பீங்கான் தட்டைக் கொடுப்பவன் முகத்தில் வரும் தயக்கம். "பேப்பர்ல எல்லாம் இருக்கு. அப்படியே செஞ்சாப் போதும். யோசிக்கவே வேண்டாம்."

"யோசிக்க வேண்டாம்னா சந்தோஷம். டிப்போவுலதான் அந்தக் கொடுப்பினை இல்ல."

பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. இன்று சங்கத்தில் மூத்தவன் கௌரவம் வெளிப்படப் போகிற நாள். பேருந்து நிலையத்தில் விசில் ஊதுகிறவள் அங்கே எதற்கு என்று நினைத்தார். நினைத்த மறுகணமே சட்டைப் பை உறுத்தியது.

மண்டபத்தின் நடுவே எட்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஓர் ஊரையே கட்டியிருந்தார்கள். நான்கு ஸ்டேஷன்கள். அவற்றைச் சுற்றி இணைக்கும் ஒற்றைத் தண்டவாளம். ஐந்து ரயில்கள். ஒரு ரயில் போக இன்னொன்று ஸ்டேஷனுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். மலை, குகை, பாலம் எல்லாம் சங்கச் செயலாளரின் கைவண்ணம். அவர் பல் டாக்டர். மலைகளைப் பல் அச்சு எடுக்கும் மாவில்தான் செய்திருந்தார்.

"வாங்க வாங்க" என்று பெரியவரை வரவேற்றார். "நூத்திநாப்பத்தாறோட அப்பாவுக்கு முன் வரிசை நாற்காலி போடுங்கப்பா."

சங்கத்தில் மூத்தவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி என்பது பெரியவருக்கு இன்றுவரை தெரியாது. பட்டம் கொடுத்தாற்போல ஏற்றுக்கொண்டார்.

மூத்தவன் கால அட்டவணையை எல்லோருக்கும் கொடுத்தான். மூன்று மாத உழைப்பு. ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு சந்திப்புகள். ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கும் அதே நொடியில் மற்றொன்று கிளம்பும். ஒரு நொடிகூடச் சும்மா போகாது. பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். புரியவில்லை. புரியாததே பெருமையாக இருந்தது.

மருமகளும் பார்த்தாள். "அழகா இருக்கு பெரியத்தான்" என்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. "இவங்க எப்ப மூச்சு விடுவாங்க?"

"யாரு?"

"ஓட்டறவங்க."

"ரயில் எங்க நிக்கணுமோ அங்க நிக்கும். அதுக்கு மேல என்ன?" என்றான் அவன்.

பதினோரு மணிக்கு முதல் காட்சி. முதல் ஸ்டேஷனில் பல் டாக்டர், இரண்டாவதில் கண்ணாடிக் கடைக்காரர், மூன்றாவதில் ஓட்டல் சமையல்காரர், நான்காவதில் மருமகள். நடுவில், எல்லாம் தெரியும்படி உயரமாகப் போட்ட பலகை மேல், கையில் கடிகாரத்தோடு மூத்தவன். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் அறுபது பேர்.

பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ரயில்கள் ஒன்றையொன்று தொடாமல் பின்னலிட்டுக்கொண்டு போயின. பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "என் மகன் போட்ட கணக்கு" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டால்தான் பக்கத்தில் இருக்கும் விசை தெரியும். அதற்கு நான்கு நொடி ஆகும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர், தனக்கு மாற்றிக்கொள்ளவில்லை. நான்கு நொடி எட்டாயிற்று. எட்டு இருபதாயிற்று. மூன்றாம் ஸ்டேஷனில் சமையல்காரருக்கு எதிர் ரயில் இன்னும் வரவில்லை என்பது கண்ணால் தெரிந்தது. ஆனால் தாளில் 'விடு' என்று போட்டிருக்கிறதே. எழுதியவன் நூத்திநாப்பத்தாறு. அவர் விட்டார்.

குகைக்குள் இரண்டு இன்ஜின்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.

"அண்ணே, எதிர்ல வண்டி வருதுன்னு தெரிஞ்சுதானே விட்டீங்க?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"தெரிஞ்சுது. பேப்பர்ல வேற மாதிரி இருந்துச்சு. அவர விட எனக்கு என்ன தெரியும்?"

கூட்டத்தில் ஒருவர், "இங்கயும் லேட்டுதானா?" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவனின் காது மடல் சிவந்தது. பெரியவருக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மகனுடைய ஐந்து வயதுக்குப் பிறகு அவர் பார்க்காத சிவப்பு அது.

அடுத்த காட்சி ஒரு மணிக்கு. அதற்குள் மூத்தவன் முழு அட்டவணையையும் திருத்தி எழுதிவிட்டான். நாற்பத்தெட்டு சந்திப்புகளை மனத்துக்குள்ளேயே மாற்றிப் போடுவது சாமானியம் இல்லை. பல் டாக்டரே வாய் பிளந்து பார்த்தார். "என் பேஷண்டுங்க இவ்வளவு வாயைத் திறந்தா நல்லா இருக்கும்" என்றார் சமையல்காரர், டாக்டர் குரலில்.

"உனக்கு ஏதுய்யா பேஷண்டு?"

"உங்களுக்காகத்தான் சொன்னேன் டாக்டர்."

இரண்டாவது காட்சி இருபது நிமிடம் ஓடியது. இந்த முறை பாலத்தின் மேல் இரண்டு ரயில்கள் முட்டிக்கொண்டு நின்றன.

மண்டபத்தின் பின்னால் ஒரு சிறு அறை. அங்கே எல்லோரும் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மூத்தவன் சாப்பிடவில்லை.

"மூணு மணிக் காட்சி வேண்டாம். நிறுத்திடலாம்" என்றான்.

"அட, விடுய்யா. பொழுதுபோக்குதானே" என்றார் பல் டாக்டர். "ஐ.க்யூ. இருக்குன்னா எல்லாமே வரணுமா? மூளை உள்ளவனுக்குப் பல் வலிக்காம இருக்கா?"

"கணக்குல தப்பு இருந்தா எனக்குத் தெரியணும் டாக்டர். தப்பு இல்ல. ஆனா நடக்கல. அதுதான் புரியல."

அவன் குரலில் அகந்தை இல்லை. கண்டுபிடிக்க முடியாத வலி போல இருந்தது. மருமகள் கை கழுவிவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பெரியத்தான், பேப்பர் நல்லாத்தான் இருக்கு. ரயிலுக்கு டைம் போட்டிருக்கீங்க. ஆளுக்குப் போடல."

"ஆளுக்குன்னா?"

"கண்ணாடிக் கடை சாருக்குக் கண்ணாடியத் தூக்கணும். சமையல் அண்ணனுக்குக் கை வேகம், சொல்றதுக்கு முன்னாடியே விட்டுடுவாரு. டாக்டர் பாக்க வந்தவங்களோட பேசிக்கிட்டே இருப்பாரு. எங்க டிப்போவுல நூத்தி நாப்பது வண்டி. டிரைவர் ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்ல. ஒருத்தருக்கு வீட்ல பிரச்சனைன்னா அன்னைக்கு வண்டி ரெண்டு நிமிஷம் மெதுவாத்தான் போகும். அதையும் சேத்துத்தான் நாங்க டைம் சொல்லுவோம்."

"எவ்வளவு சேக்கணும்னு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். "தெரியல. பாத்தாத் தெரியும்."

மூத்தவன் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தான். பிறகு எழுந்தான். "நடுவுல நீ நில்லு. நான் நாலாவது ஸ்டேஷனுக்குப் போறேன்."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். யாரும் திரும்பவில்லை. அறுபது பேர் எதிரில் நூற்று நாற்பத்தாறு கீழே நிற்க, தொண்ணூற்று நான்கு பலகை மேல் ஏறப் போகிறது. அந்த இரண்டாவது எண் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது கூடுதல் தண்டனை.

மற்றவர்கள் மண்டபத்துக்குப் போனபோது அவள் மட்டும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"முகம் வாடியிருக்கு. பெரியத்தான நெனச்சா? அதெல்லாம் சரியாயிடும்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் மனசு ஒரு நிலையில இல்ல. பரீட்சை முடிவு இன்னும் வரல. ஆபீஸ்ல கேட்டா அனுப்பிட்டோம், தபால்லதான் பாக்கணுங்கறாங்க. வந்திருந்தா நீங்கதான் முதல்ல பாத்திருப்பீங்க. தபால் எங்கயோ வழி தவறிடுச்சு போல."

வழி தவறிடுச்சு. முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் அவரைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை.

"பன்னண்டு வருஷமா அந்தக் கூண்டுல நின்னு விசில் ஊதறேன் மாமா. ஒரு தடவை உள்ள உக்காந்து மொத்தத்தையும் பாத்து ஓட்டணும்னு ஆசை. கிடைக்கலன்னா பரவால்ல. ஆனா கேட்டுப் பாக்காம விட்டுட்டேன்னு இருக்கக் கூடாது."

அவள் போய்விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. காட்சி நான்கு மணிக்கு முடியும். முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். முடியும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். அப்போது கொடுப்பதற்கும் கொடுக்காமல் விடுவதற்கும் வித்தியாசம் கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் முன் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு அவள் பலகை மேல் ஏறினாள். கையில் தாள் இல்லை. கடிகாரமும் இல்லை.

"கண்ணாடிக் கடை சார், உங்க வண்டி வருது. இப்பவே கண்ணாடியத் தூக்கிக்கோங்க. டாக்டர், அந்த அம்மாகிட்ட பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க, அவசரம் இல்ல. சமையல் அண்ணே, நான் விடுன்னு சொன்னப்புறம் ஒரு மூச்சு விட்டுட்டு விடுங்க. பெரியத்தான், நீங்க அடுத்த வண்டிய நெனைக்காதீங்க. உங்க முன்னாடி நிக்கறத மட்டும் பாருங்க."

குரல் உயரவில்லை. ஒரு வண்டி தாமதமானால் இன்னொன்றை முன்கூட்டியே ஒதுக்கினாள். பாலத்தின் மேல் ஒரு பெட்டி தடம் புரண்டது. முன்பானால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் மற்ற நான்கையும் அருகிலுள்ள ஸ்டேஷன்களில் நிறுத்தினாள். பெட்டியை எடுத்து வைக்கும்வரை கூட்டத்தைப் பார்த்து, "பயணிகள் கவனத்துக்கு, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு" என்றாள். மண்டபம் கலகலத்தது. பெட்டி ஏறியதும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். எது முன்னே, எது பின்னே என்று அவள் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

பெரியவர் எத்தனையோ ஆயிரம் வினாத்தாள்களைக் கட்டி முத்திரை வைத்து அனுப்பியவர். இப்போது இவள் செய்வதைக் கேட்கிற ஒரு வினாவாவது அவற்றில் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

நான்காவது ஸ்டேஷன் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில்தான். மூத்தவன் விசையில் கை வைத்தபடி அவர் பக்கம் குனிந்தான். அவன் முகத்தில் வெளிச்சம் போட்டாற்போல இருந்தது.

"அப்பா, பாருங்க. அவ ரயிலப் பாக்கல. அவங்க கையப் பாக்கறா. தோளப் பாக்கறா. அவர் கண்ணாடியத் தூக்கறதுக்கு முன்னாடி தோள் அசையுது பாருங்க, அதுல இருந்து கணக்கு வைக்கறா. நான் இதக் கணக்காப் போடணும்னா ரெண்டு நாள் ஆகும். அப்பவும் சரியா வருமான்னு தெரியாது. எவ்வளவு அழகு."

கூட்டத்தில் எல்லோரும் ரசித்தார்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று நொடிக்கு நொடி விளங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். பொறாமையின் நிழல்கூட அவன் முகத்தில் இல்லை. தன் மகனைப் பற்றி முப்பது வருடமாகப் பெருமை பேசியவர் பெரியவர். ஆனால் இந்தப் பெருமைக்கு அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

மணி மூன்று இருபது.

பெரியவர் எழுந்தார். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். கௌரவமான மனிதர் ஒருவர் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைவதைப் பார்த்து அருகில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

"வண்டிய நிறுத்தும்மா."

"அப்பா, என்ன இது? நல்லா ஓடிக்கிட்டிருக்கு" என்றான் மூத்தவன்.

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து ரயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டேஷன்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். கடைசி வண்டி நின்ற பிறகுதான் கீழே இறங்கினாள்.

அவர் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஒன்பது நாள் உடம்புச் சூட்டில் மடிப்பு நைந்திருந்தது.

"போன வாரம் வியாழக்கிழமை வந்துச்சு. நான் வச்சிருந்தேன். நாலு மணிக்குள்ள நீ அங்க இருக்கணும்."

அவள் பிரித்தாள். நின்றபடியே படித்தாள். அவள் உதட்டையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணை அவள் வாய்விட்டே படித்தாள், பல் டாக்டர் காதிலும் சமையல்காரர் காதிலும் விழும்படி.

"தொண்ணூத்தி நாலு. சரியாத்தான் போட்டிருக்காங்க. அந்தக் கட்டம், முக்கோணம் எல்லாம் எனக்கு அன்னைக்கே புரியல."

வானம் இடிந்து விழவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பல் டாக்டர் மட்டும் நிதானமாகச் சொன்னார். "தொண்ணூத்தி நாலு சொல்ல நூத்திநாப்பத்தாறு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"அவ சொல்ல நீங்களும்தான் கேட்டீங்க டாக்டர்" என்றான் மூத்தவன். பிறகு அவளிடம் திரும்பினான். "நீ கிளம்பு. நாலாவது ஸ்டேஷன விட்டுட்டு மூணை வச்சு நான் பாத்துக்கறேன். இருபது நிமிஷமா எல்லாத்தையும் மனசுல வாங்கிட்டேன். சாருக்கு நாலு நொடி, அண்ணனுக்கு ஒரு மூச்சு, டாக்டருக்கு வாய் மூடினப்புறம். சரியா?"

"சரி பெரியத்தான். உங்களுக்கு?"

"எனக்கு என்ன?"

"நீங்க முன்னாடியே யோசிச்சுடுவீங்க. அவங்க வந்து சேரட்டும்னு நில்லுங்க."

அவன் ஒரு நொடி நின்றான். நெற்றியைத் தடவிக்கொண்டு பலகை மேல் ஏறினான்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். பெரியவர் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "மூணு இருபத்தாறுக்குப் பதினாலாம் நம்பர் வரும். நீங்களும் வாங்க மாமா. கடிதம் எப்ப வந்துச்சுன்னு கேப்பாங்க. என்னால பொய் சொல்ல முடியாது. உங்களப் பத்தி உண்மையையும் நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாஸாகலன்னு மறைச்சீங்களா? இல்ல, தொண்ணூத்தி நாலுன்னு மறைச்சீங்களா?"

"தொண்ணூத்தி நாலுன்னு" என்றார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிப்போ அலுவலகத்தில் மூன்று ஐம்பத்து நான்கு. குமாஸ்தா ஜன்னல் கதவில் ஒரு கையை வைத்திருந்தார். மருமகளைப் பார்த்ததும் கையை எடுத்தார்.

"என்ன டைம் கீப்பர், கடைசி நிமிஷத்துல வரீங்க? ஊருக்கே நேரம் சொல்றீங்க."

கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். "எட்டுப் பேர் போன வாரமே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒன்பது நாளா எங்க இருந்துச்சு இது? கடைசி நாள்ல வந்தா காரணம் எழுதணும். இல்லன்னா மேல கேக்கறப்ப நான் மாட்டிப்பேன்."

அவள் ஓர் அடி விலகி இடம் விட்டாள்.

பெரியவர் ஜன்னலுக்கு முன் வந்தார். முதுகை நிமிர்த்தினார். அந்த முதுகுக்கு அது ஒன்றுதான் பழக்கம்.

"நான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

"நீங்க யாரு?"

"இவளோட மாமனார்."

குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரை, பேனா. "இப்படியே எழுதிக் குடுக்க முடியுமா?"

"குடுங்க தாளை."

அவர் நின்றபடியே எழுதினார். முடிவுக் கடிதம் இன்ன தேதியில் வந்தது. பெயருக்குரியவரிடம் நான் தரவில்லை. அவருக்கு இதில் எந்தத் தவறும் இல்லை. மூன்றே வரிகள். முத்திரை வைத்த கட்டுகளில் இட்ட அதே முழுக் கையெழுத்தைக் கீழே இட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கையெழுத்து அவருக்கு எதிராக எங்கும் விழுந்ததில்லை.

மருமகள் தன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா இரண்டையும் சேர்த்துக் குத்தி முத்திரை அடித்தார். மூன்று ஐம்பத்தெட்டு.

"செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. மொத்த டிப்போவையும் ஒரு மணி நேரம் உங்க கையில விடுவாங்க. யாரும் உதவிக்கு வர மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நல்லாத் தூங்குங்க" என்றார் குமாஸ்தா. ஜன்னல் கதவை மூடினார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வாகனங்களின் இரைச்சலில் அவளுடைய போன் இரண்டு முறை அடித்த பிறகுதான் கேட்டது. எடுத்துப் பார்த்தாள். இளையவன். வேலை முடிந்திருக்கும், காட்சி எப்படிப் போயிற்று என்று கேட்கக் கூப்பிடுகிறான்.

அவள் பொத்தானை அழுத்தாமல் போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"நான் சொல்லலாம் மாமா. சொன்னா உங்களுக்காகப் பேசின மாதிரி ஆயிடும். அதுல எனக்கு இஷ்டம் இல்ல."

பெரியவர் வாங்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் மகன்களிடம் கட்டளை இட்டிருக்கிறார், அறிவுரை சொல்லியிருக்கிறார், மார்க் கேட்டிருக்கிறார். இன்னொரு விதமாகப் பேசியதில்லை. எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினார்.

"சொல்லு, முடிஞ்சுதா? அண்ணன் ரயில் எப்படி ஓடுச்சு?" என்றான் இளையவன் உற்சாகமாக, மனைவிதான் பேசுகிறாள் என்று நினைத்து.

"நான் அப்பா பேசறேன். குறுக்க பேசாம முழுசாக் கேளு. உன் பொண்டாட்டிக்கு வந்த கடிதத்த ஒன்பது நாளா நான் என் பையில வச்சிருந்தேன். அவளுக்குத் தெரியாம. போன மாசம் நீ வேண்டாம்னு சொன்னதத்தான் மறுபடியும் செஞ்சிருக்கேன்."

எதிர்முனையில் மருந்தகத்தின் சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. யாரோ மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். இளையவன் அவருக்கும் பதில் சொல்லவில்லை, இவருக்கும் பதில் சொல்லவில்லை.

பெரியவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.